இரண்டு கம்பி இடைவெளி

"இந்த சைக்கிள்ல ஒரு மனுஷன் எட்டு மாசம் வேலைக்குப் போனாருன்னா, என் ஸ்கூட்டர் நிலாவுக்குப் போயிட்டு வந்துச்சுன்னு நான் சொல்லுவேன்" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனின் பின்கட்டில், பறிமுதல் வண்டிகளுக்கு நடுவே, குந்த வைத்து உட்கார்ந்திருந்தார். முன்சக்கரம் நெளிந்த ஒரு சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. கியர் கிடையாது, முன்னால் ஒரு பல் சக்கரம், பின்னால் ஒன்று, நடுவில் செயின், அவ்வளவுதான். அக்கா பெடலைக் கையால் ஒரு சுற்று சுற்றினார்.

கிர்ர்ர்.

இன்னொரு சுற்று. மறுபடியும் கிர்ர்ர். பெடல் மாட்டியிருக்கும் கிராங்கோடு சேர்ந்து சுற்றுகிற அந்தப் பல் சக்கரம், பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாயில் ஒவ்வொரு சுற்றிலும் உரசியது.

"ரேடியோ, வாயைக் கொஞ்சம் அணைச்சு வை. குழாயைப் பாரு. என்ன தெரியுது?"

ரேடியோ என்பது நான்தான். வயது நாற்பத்தொன்று. அக்காவிடம் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவருக்கு ஊரில் டெய்லரக்கா என்று பெயர். ஒரு சட்டையின் இடுப்பளவை வைத்து, ஓடிப்போன ஒரு கணவரைக் கண்டுபிடித்துக் கொடுத்த நாளோடு தையல் கடையைச் சாத்திவிட்டுத் துப்பறியும் வேலைக்கு வந்துவிட்டார். கழுத்தில் தொங்கும் டேப்பை மட்டும் கழற்றவில்லை.

குனிந்து பார்த்தேன். கறுப்புப் பெயின்ட். அதில் ஆழமாக ஒரே ஒரு வெட்டு. பக்கத்தில் பூனை பிராண்டியது மாதிரி நாலைந்து மெல்லிய கீறல்கள். மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருந்தது.

"ஒரு வெட்டு. கொஞ்சம் கீறல்."

"இவரு வீட்டுலேருந்து ஆபீஸ் எவ்வளவு தூரம்?"

"ஒன்பது கிலோமீட்டர்னு வாக்குமூலத்துல இருக்கு."

"போக ஒன்பது, வர ஒன்பது. எட்டு மாசம். ஒவ்வொரு சுத்துக்கும் இரும்புப் பல்லு இப்படி உரசியிருந்தா குழாய் என்ன ஆகியிருக்கும்?"

"குழாய் புல்லாங்குழல் ஆகியிருக்கும்."

"அப்போ?"

"இவரு ஓட்டினப்போ இது உரசல."

"அதைத்தான் சொல்றேன். இந்த வண்டி, இப்ப இருக்கிற இந்த நிலைமையில, ஒரு நாள்கூட ரோட்டுல ஓடல." இரண்டு பெடலுக்கும் நடுவே ஆக்சில் என்கிற இரும்புத் தண்டு நுழையும் இடத்தை விரலால் தடவி என்னிடம் காட்டினார். விரல் சுத்தமாக இருந்தது. வண்டி முழுக்க எண்ணெய் கலந்த அழுக்கு அப்பியிருக்க, அந்த ஒரு இடம் மட்டும் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. "ஆக்சிலை யாரோ கழட்டி மாத்தியிருக்காங்க. விபத்துக்கு அப்புறம்."

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலை, இந்த சைக்கிளில் போனவர் மேம்பாலத்தின் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்திருக்கிறார். பல் சக்கரம் குழாயில் சிக்கி, செயின் கழன்று, ஆள் ரோட்டில் விழுந்தார். பின்னால் லாரி. சைக்கிளைக் கட்டிக் கொடுத்தது அவருடைய சொந்தத் தம்பி. ஒற்றை கியர் சைக்கிள்களைக் கையால் கட்டித் தருகிற மெக்கானிக். நடந்த அன்று யாரோ சைக்கிளைத் தூக்கிவந்து அவர் கடையில்தான் போட்டிருக்கிறார்கள். மூன்று நாள் கழித்துப் போலீஸ் எடுக்கப் போனபோது, கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார். "ஆக்சில் நீளம் குறைவா போட்டுட்டேன். பல் சக்கரத்துக்கும் குழாய்க்கும் இடைவெளி பத்தல. தப்பு என்னோடதுதான்."

இறந்தவரின் மனைவி புகாரில் கையெழுத்துப் போட்டால் தம்பி உள்ளே போவார். கையெழுத்துப் போட இன்று மாலை ஐந்து வரை நேரம். அவர் நேற்று எங்களிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என் கொழுந்தன் கைவேலைதான் அவரைக் கொன்னுச்சா? அது தெரியாம என்னால கையெழுத்துப் போட முடியாது."

மணி பன்னிரண்டரை.

"அக்கா, குத்தம் பண்ணவன் ஆதாரத்தை மறைப்பான். இவரு தனக்கு எதிரா ஆதாரத்தைத் தயார் பண்ணியிருக்காரே. ஆளு ரொம்ப நல்லவரா, இல்ல ரொம்பக் கெட்டவரா?"

"வீட்டுக்குப் போய்ப் பாக்கலாம் வா."

*

கதவைத் திறந்தவர் எங்களை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். நேற்றுதான் ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து பேசியிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தலை வாரியிருந்தது, புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது, எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

உள்ளே போய்த் தட்டில் மூன்று டம்ளர் கொண்டுவந்து வைத்தார். "தண்ணி குடிங்க."

மூன்று டம்ளரிலும் தண்ணீர் இல்லை. அவர் கவனிக்கவில்லை. அக்கா ஒன்றை எடுத்து வாயில் வைத்துவிட்டுக் கீழே வைத்தார். நானும் குடித்தேன். நல்ல தண்ணீர் என்றுகூடச் சொல்லிவைத்தேன். வேறென்ன செய்ய? இத்தனை வருஷம் அடுத்தவர் வீட்டுச் சாவுகளுக்குள் நுழைந்து நுழைந்து, என் மனசு பல் டாக்டர் ஊசி போட்ட உதடு மாதிரி ஆகிவிட்டது. இருக்கிறது, கடித்தால் தெரிவதில்லை. அதனால்தான் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வாசலில் கடக் கடக் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் என் ஸ்கூட்டர் கண்ணாடியைப் பிடித்து ஸ்பேனரால் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆடிச்சு. டைட் பண்ணிட்டேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஐயா, அது ஆறு வருஷமா ஆடுது. ஆடினாதான் அது என் வண்டின்னு எனக்கே அடையாளம் தெரியும்."

அவருக்கு அது காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. ஜன்னல் கம்பியின் நட்டுக்குப் போய்விட்டார்.

"என் மாமனார். பஸ் டிப்போல ஃபிட்டரா இருந்தவர்" என்றார் அந்தப் பெண். "என் வீட்டுக்காரர் போனதுலேருந்து இப்படித்தான், நாள் முழுக்க எதையாவது முறுக்கிக்கிட்டே இருக்காரு. முந்தியும் உண்டு. இவ்வளவு இல்ல."

அக்கா பெரியவர் பக்கத்தில் போய் நின்றார். "சின்னப் பையன் வந்து பார்த்தாருங்களா?"

"எனக்கு ஒரு பையன்தான்" என்றார் பெரியவர். "அவன் போயிட்டான்." கொஞ்ச நேரம் நட்டை முறுக்கினார். "முப்பத்தோரு வருஷம். என் ஸ்பேனர் படாம ஒரு பஸ்ஸும் கேட்டைத் தாண்டினதில்ல. ஒரு சக்கரம் கழண்டதில்ல. பெத்த மகன் வண்டிக்கு நான் பாக்காம இருப்பேனா? வெளியில தெரியறதைத்தான் நான் பாக்க முடியும். உள்ள கட்டினவன் குட்டை ஆக்சிலைப் போட்டு வெச்சிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டால் கேட்கவேண்டியது கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

மாடிப்படிக்குக் கீழே பச்சை நிறத்தில் இன்னொரு ஒற்றை கியர் சைக்கிள் நின்றது. "இது?"

"என்னோடது. கொழுந்தன்தான் கட்டிக் குடுத்தாரு. ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே மாதிரி சாமானை வெச்சுக் கட்டினாரு. நான் அதிகம் எடுக்கறதில்ல, கடைக்குப் போக மட்டும்தான்."

அக்கா மண்டியிட்டார். தையற்காரி ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கிராங்கை ஆக்சிலோடு பிடித்திருக்கும் போல்ட்டைப் பார்த்தார். எழுந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

"இந்த வண்டியை எடுத்துக்கிட்டு நீங்களும் எங்களோட வாங்க. கொழுந்தன் கடைக்கு."

"நான் அங்க போகல. மூணு வாரமா போகல."

"கையெழுத்துக்கு முன்னாடி ஒரு தடவை வாங்கம்மா."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்வதற்கு இன்னும் அதிகத் தெம்பு வேண்டும் போல.

*

கடை சின்னது. சுவர் முழுக்க ஆணிகளில் ஸ்பேனர்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தைப் பெயின்ட்டில் வரைந்திருந்தது. எந்தக் கருவியும் இடம் மாறியிருக்கவில்லை. ரொம்ப நாளாக யாரும் தொட்ட மாதிரியும் இல்லை. மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அண்ணியைக் கண்டதும் எழுந்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"எல்லாத்தையும் ஸ்டேஷன்லயே சொல்லிட்டேன் மேடம். அண்ணி, கையெழுத்துப் போட்டுடுங்க. நான் தயார்தான்."

"தம்பி, ஒரே ஒரு சந்தேகம்" என்றார் அக்கா. "நீங்க ஒரு வண்டி கட்டும்போது பல் சக்கரத்துக்கும் குழாய்க்கும் நடுவுல எவ்வளவு இடம் விடுவீங்க?"

பதில் யோசிக்காமல் வந்தது. "ரெண்டு ஸ்போக்ஸ் கம்பி. பக்கத்துல பக்கத்துல வெச்சா சுலபமா போய் வரணும். நாலு மில்லிமீட்டர். எழுந்து நின்னு மிதிச்சா ஃப்ரேம் வளையும், அதுக்கும் சேர்த்து."

"எத்தனை வருஷமா?"

"பதினாலு."

"பதினாலு வருஷமா ரெண்டு கம்பி. சொந்த அண்ணனுக்கு மட்டும் ஒரு கம்பிகூட இல்ல?"

"கவனக்குறைவு."

"இல்ல தம்பி. கவனக்குறைவுன்னா ஒரு மில்லிமீட்டர் குறையும். ஸ்டேஷன்ல நிக்கிற வண்டி சும்மா சுத்தினாலே உரசுது. அதைக் கட்டி முடிச்சு ஒரு சுத்து சுத்தியிருந்தா கட்டினவன் காதுக்கே கேட்டிருக்கும். தப்பே பண்ணிப் பழக்கமில்லாத ஆள் தப்புப் பண்ணப் போனா இப்படித்தான். ரொம்பக் குட்டையான ஆக்சிலாப் பாத்து எடுத்துட்டீங்க."

"முதல் தடவைதானே அக்கா, அடுத்த தடவை சரியா பண்ணுவாரு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் அது நல்ல ஜோக்காகப் படவில்லை.

மெக்கானிக் தரையைப் பார்த்தார்.

"பழைய ஆக்சில் எங்க?"

தெருவில் ஒரு லாரி போய் முடிந்தது. அந்தப் பெண் அது போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெக்கானிக் இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு இரும்புத் தண்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

அக்கா கழுத்திலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். "இது சரியான நீளம். இதைப் போட்டுத்தான் கட்டினீங்க. நாலு மில்லிமீட்டர் இருந்துச்சு. அப்புறம் அது எங்க போச்சுன்னு நான் சொல்லட்டுமா?"

"வேணாம் மேடம்."

"சொல்லுங்க" என்றார் அந்தப் பெண். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

அக்கா பச்சை சைக்கிளை வெளிச்சத்தில் திருப்பி நிறுத்தினார். கிராங்கிலும் அதன் நடுவிலுள்ள போல்ட்டின் தலையிலும் வெள்ளைப் பெயின்ட்டில் மெல்லிய கோடு இருந்தது.

"இந்தக் கோடு எதுக்குத் தம்பி?"

"கட்டி முடிச்சதும் போடுவேன். போல்ட்டு மேலயும் கிராங்க் மேலயும் ஒரே கோடா. பின்னால போல்ட் லூஸானா கோடு விலகும். பாத்ததும் தெரிஞ்சுக்கலாம்."

"இப்போ விலகியிருக்கா?"

அவர் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். கிராங்கில் இருந்த கோடு பன்னிரண்டு மணியில் இருந்தது. போல்ட்டின் கோடு நாலு மணியில் நின்றது.

"லூஸாகித்தான் இப்படி ஆச்சா?" என்று கேட்டேன்.

"லூஸானா இடது பக்கம் போகும். இது வலது பக்கம் போயிருக்கு, டைட் ஆகற பக்கம்." அக்கா சுவரிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்து இடைவெளியில் நுழைத்தார். முதல் கம்பி போனது. இரண்டாவது போகவில்லை. "பன்னிரண்டுலேருந்து நாலுக்கு மட்டும் வரல. ஒரு முழுச் சுத்து சுத்திட்டு நாலுக்கு வந்திருக்கு. அதிகம் எடுக்காத வண்டியிலயே இவ்வளவு. தினம் எடுக்கிற வண்டியில எவ்வளவு இருக்கும்? டைட் பண்ணா சக்கரம் ஏன் உள்ள போகுதுன்னு நீங்களே சொல்லுங்க."

மெக்கானிக் பேசினார். யாரிடமோ மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. "ஆக்சில் முனை சதுரமா இருக்கும். நுனியில ஒடுக்கம், உள்ள போகப் போக அகலம். கிராங்க் அதுமேல ஏறி உக்காரும். கிராங்க் அலுமினியம், ஆக்சில் இரும்பு. அளவோட டைட் பண்ணி விட்டுடணும். மறுபடி மறுபடி முறுக்கினா அலுமினியம் விரிஞ்சு குடுத்துக்கிட்டே இருக்கும். கிராங்க் உள்ள ஏறிக்கிட்டே போகும். ஒரு சுத்துக்கு ஒரு மில்லிமீட்டர். பஸ் சக்கரத்து நட்டு ஒரு இடத்துக்கு மேல திரும்பாது. இது நிக்கவே நிக்காது."

பஸ் என்ற சொல் வந்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் வந்துவிட்டது.

"மாமாவா?" என்றார் அந்தப் பெண்.

மெக்கானிக் பயந்துபோய் அண்ணியின் முகத்தைப் பார்த்தார். ஸ்பேனர் படாமல் ஒரு வண்டியும் கேட்டைத் தாண்டவிடாத மனிதர், மகன் மேல் வைத்த அக்கறையில் ஒவ்வொரு நாளாக, ஒவ்வொரு முறுக்காக, நாலு மில்லிமீட்டரையும் தின்றுவிட்டார். அவருக்கு அது தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்று சின்ன மகன் ஆக்சிலை மாற்றிப் போட்டுவிட்டு ஜெயிலுக்குப் போகத் தயாராக உட்கார்ந்திருக்கிறார்.

கேஸ் முடிந்தது என்று நினைத்தேன். அக்கா முடிக்கவில்லை.

"தம்பி, அப்பாவைக் காப்பாத்த நினைச்சீங்க, சரி. ஆனா 'மாமாவா'ன்னு அவங்க கேட்டதும் நீங்க ஏன் அண்ணி மூஞ்சியைப் பாத்துப் பயந்தீங்க?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். போதும், விடுங்க."

"கொழுந்தன் பயந்தது சரிதான்" என்றார் அந்தப் பெண்.

அவர் பச்சை சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"மிதிக்கும்போது டிக் டிக்னு ஒரு சத்தம் வருதுன்னு அவரு சொன்னாரு. தம்பிகிட்ட கொண்டுபோய்க் காட்டறேன்னாரு. நான்தான் வேணாம்னேன். 'ஒரு சின்ன சத்தத்துக்கு எதுக்கு அவ்வளவு தூரம், வீட்டுலயே ஃபிட்டர் இருக்காரே'ன்னேன். மாமாகிட்ட சொன்னேன். அவரு முறுக்கினாரு, ரெண்டு நாள் சத்தம் இல்ல. மறுபடி வந்துச்சு. மறுபடி சொன்னேன். அப்புறம் தினமும் இவரு கிளம்பறதுக்கு முன்னாடி நானே ஸ்பேனரை எடுத்து மாமா கையில குடுப்பேன். அந்த வெள்ளிக்கிழமையும் குடுத்தேன்."

அக்கா டேப்பை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார். நான் பேசவில்லை. பத்தொன்பது வருஷத்தில் என் வாய்க்கு வேலையில்லாமல் போன நேரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"உனக்கு இது எப்படித் தெரியும்?" அவர் கொழுந்தனைக் கேட்டார்.

"புதன்கிழமை அண்ணன் போன் பண்ணான் அண்ணி. 'உன் அண்ணியும் அப்பாவும் சேர்ந்து என் வண்டிக்கு வைத்தியம் பாக்கறாங்கடா'ன்னு சிரிச்சான். 'முறுக்க விடாத, ஞாயித்துக்கிழமை கொண்டு வா, நான் பாக்கறேன்'னேன். அன்னைக்கே கிளம்பி வந்திருக்கணும். வரல. அதனால நான் சொன்னது முழுப்பொய்யும் இல்ல."

உண்மையைக் கண்டுபிடித்துவிட்டோம். மூன்று பேரும் அந்த மனிதர் மேல் பிரியமாக இருந்திருக்கிறார்கள், அதில்தான் அவர் செத்திருக்கிறார். எனக்கு அழவேண்டும் போல் இருந்தது, வரவில்லை.

மணி நாலே முக்கால். அந்தப் பெண் கைப்பையிலிருந்து போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் பேசினார். "நான் கையெழுத்துப் போடல. ஆமா, யோசிச்சுத்தான் சொல்றேன். கட்டினவர் மேல தப்பில்ல." போனை உள்ளே வைத்தார். பிறகு கொழுந்தனைப் பார்த்தார். "மாமா உன் பேச்சையே எடுக்கறதில்ல. ஒரு பையன்தான்னு எல்லார்கிட்டயும் சொல்றாரு."

"இருக்கட்டும் அண்ணி. அப்படியே நினைச்சுக்கட்டும். அவருக்கு மட்டும் உண்மை தெரிஞ்சா அன்னைக்கே முடிஞ்சுடுவாரு."

"தெரிய வேணாம். நீ போட்ட ஆக்சில் சரிதான், நான்தான் முறுக்கிக் கெடுத்தேன்னு மாமாகிட்ட சொல்லிக்கறேன். 'நீங்க முறுக்கினதுக்கு அப்புறம், உங்க கண்ணுக்குத் தெரியாம, நான் ஸ்பேனரை எடுத்து இன்னும் முறுக்கிட்டேன்'னு சொல்றேன். நம்புவாரு. அவருக்கு நீயாவது வேணும்."

"ஐயோ, வேணாம் அண்ணி! ஒரே வீட்டுல இருக்கீங்க. என்கிட்ட மூணு வாரமா ஒரு வார்த்தை பேசல அவரு. உங்ககிட்ட சாகற வரைக்கும் பேசமாட்டாரு."

அவர் சைக்கிளைக் கொழுந்தன் பக்கம் தள்ளி நிறுத்தினார். அப்போதும் அவர் குரல், தண்ணீர் குடிங்க என்று சொன்ன அதே குரலாகத்தான் இருந்தது.

"பேசாட்டி பேசாம இருக்கட்டும். எனக்கு மூணு வாரமா யாரு பேசறதும் கேக்கல."